ஒருவேளைச் சாப்பாடு போடுகிறவர்களுக்கு

பிறந்தநாளுக்கும் திருமண நாளுக்கும் பெற்றவர்களின் திதிக்கும் இந்த ஊர் முதியோர் இல்லங்களிலும் பிள்ளைகள் இல்லங்களிலும் சாப்பாடு போடும் மதுரைக்காரர்களுக்கு,



உங்களில் பலரை எனக்குத் தெரியும். முகம் பார்த்ததில்லை; ரசீதுப் புத்தகத்தில் பார்த்திருக்கிறேன். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கிற சின்னச் சின்ன அறக்கட்டளைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். தகப்பனாரின் நினைவு நாளை ஒரு வருடம்கூடத் தவறவிடாதவர் யார், மகள் பிறந்ததிலிருந்து அவள் பிறந்தநாளுக்கு மதியச் சாப்பாடு எழுதி வைப்பவர் யார் என்று அடிக்கட்டைகளைப் புரட்டினால் தெரியும். இந்த ஊருக்குக் கொடுக்கும் மனசு குறைவில்லை. அந்தக் கணக்குகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு வந்திருக்கும் ஆதங்கத்தை இனியும் உங்களிடம் சொல்லாமல் இருப்பது சரியில்லை என்பதால் எழுதுகிறேன்.

எந்த இல்லத்தின் அலுவலக அறையிலும் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். எந்தத் தேதிக்கு யார் சாப்பாடு என்று அதில் பேனாவால் எழுதியிருப்பார்கள். ஒருமுறை போய் அதைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எழுத இடமிருக்காது. ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, தை அமாவாசை, தீபாவளி, புத்தாண்டு எல்லாம் மாதக்கணக்கில் முன்பே நிறைந்துவிடும். செவ்வாய், புதன், வியாழன் வெள்ளையாகக் கிடக்கும். மாத நடுவில் அந்த வெள்ளைக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டு மளிகைக்கடைக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று யோசிக்கிற நிர்வாகிகளோடு நான் உட்கார்ந்திருக்கிறேன்.

மகாளய அமாவாசையன்று ஒரு முதியோர் இல்லத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நின்று பாருங்கள். பதினொன்றரைக்கு ஒரு குடும்பம் வடை பாயசத்தோடு வரும். அது முடியுமுன் இன்னொரு குடும்பம் ஜாங்கிரியோடு வரும். சாயங்காலம் கேசரி. அங்கே இருப்பவர்களில் பாதிப்பேருக்கு மேல் சர்க்கரை நோயாளிகள். வேண்டாம் என்றால் கொடுப்பவர் மனம் நோகும் என்று வாங்கிக்கொள்வார்கள். இரவு இரண்டு பேருக்குத் தலைசுற்றல் வரும், நர்ஸம்மா ஓடுவார். மிஞ்சிய சாம்பார் சாதம் அண்டா அண்டாவாக மாட்டுக்குப் போகும். அதே வாரம் புதன்கிழமை, படுக்கையில் கிடப்பவர்களுக்கு டயப்பர் தீர்ந்துபோய், பழைய புடவையைக் கிழித்து மடித்து வைத்திருப்பார்கள். பெரியவர்களுக்கான டயப்பர் ஒன்று முப்பது, நாற்பது ரூபாய். ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது மூன்று வேண்டும். டயப்பருக்கென்று யாரும் நன்கொடை எழுதி நான் பார்த்ததில்லை.

பிள்ளைகள் இல்லத்தில் நடப்பது இதைவிட மனதைப் பிசையும். எட்டு வயதுப் பையனின் பிறந்தநாள். புதுச்சட்டையோடு அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி சூழ வந்திருக்கிறான். கேக் வெட்டுகிறான். அவன் வயதே உள்ள முப்பது பிள்ளைகள் வரிசையில் நின்று அவனுக்காக ஹேப்பி பர்த்டே பாடுகிறார்கள். பிறகு கண்ணை மூடி, கைகூப்பி, அந்தக் குடும்பம் நல்லா இருக்கணும் என்று வேண்டிக்கொள்கிறார்கள். அதை ஒருவர் செல்போனில் எடுக்கிறார். அன்று இரவு அது ஸ்டேட்டஸில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கூடப் படிக்கிற யாராவது பார்த்தால் மறுநாள் வரிசையில் நின்ற பிள்ளைக்கு என்ன பெயர் கிடைக்கும் என்று உங்களில் எத்தனை பேர் யோசித்திருக்கிறீர்கள்? பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுகிற குழந்தையின் படத்தையோ அடையாளத்தையோ வெளியிடக் கூடாது என்று 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆவது பிரிவில் சொல்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தை விடுங்கள். உங்கள் பிள்ளையை அந்த வரிசையில் நிறுத்திப் பாருங்கள்.

அன்னதானத்தைக் குறை சொல்கிறானே என்று உங்களுக்குக் கோபம் வரும். பசித்தவருக்குச் சோறு போடுவதற்கு மேல் ஒன்றுமில்லை என்றுதான் நானும் நம்புகிறேன். வள்ளலார் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கியது 1867-இல். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அங்கே எனக்குப் பெரிதாகத் தெரிவது அதுதான். திதியும் திருநாளும் இல்லாத வெறும் செவ்வாய்க்கிழமைக்கும் அங்கே சோறு உண்டு. பசி நம் வீட்டு விசேஷத்தைப் பார்த்து வருவதில்லை. நாம் கொடுப்பது மட்டும் நம் விசேஷத்தைப் பார்த்து வருகிறது.

இதைவிடக் கசப்பான ஒன்றும் சொல்ல வேண்டும்.

நாம் தலையை எண்ணிக் கொடுக்கிறோம். எத்தனை பிள்ளைகள் என்பதுதான் நம் முதல் கேள்வி. ஐம்பது பேர் என்றால் மனம் நிறைகிறது. பன்னிரண்டு பேர் என்றால், இவ்வளவுதானா என்று வேறு இல்லத்தைத் தேடுகிறோம். இதை நடத்துகிறவர்கள் கவனிக்காமல் இருப்பார்களா? இல்லங்களில் இருக்கிற பிள்ளைகள் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். கணவனை இழந்து, செங்கல் சூளைக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போகிற அம்மா, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் கொண்டுவந்து விட்டிருப்பாள். மாதம் ஒரு தொகை கிடைத்தால், பள்ளிக்கூடம் விட்டபின் யாராவது இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டால், அந்தப் பிள்ளை வீட்டிலேயே வளரும். இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று அதே இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. பிள்ளையை வீட்டோடு வைத்துக்கொள்ள மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகைக்கும் வழியிருக்கிறது. நல்ல இல்லம் என்ன செய்யும் தெரியுமா? அந்த அம்மாவுக்காக மனு எழுதும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு நடக்கும், விடுமுறைக்குப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிப் பார்க்கும், ஒரு நாள் ஒரேயடியாக அனுப்பிவிடும். அப்படி அனுப்ப அனுப்ப அதன் எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறைந்தால் நாம் சாப்பாட்டை நிறுத்திவிடுகிறோம். நல்ல வேலை செய்ததற்கு நாம் கொடுக்கிற தண்டனை அது. பிள்ளைகளைப் பிடித்து வைத்துக்கொள்கிற இல்லத்தில் நம் பந்தி நிறைகிறது.

இப்படித் தலையை மட்டும் எண்ணி, வேறெதுவும் கேட்காமல் கொடுப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை மதுரை பார்த்துவிட்டது. 2021-இல், கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்துகொண்டிருந்த சமயம், நம் நகரத்துக் காப்பகம் ஒன்றில் இருந்த ஒரு வயதுக் குழந்தை கொரோனாவில் இறந்துவிட்டதாக ஆவணம் காட்டினார்கள். ஆவணம் போலி, குழந்தை உயிரோடு இருக்கிறது, பணத்துக்குக் கைமாறியிருக்கிறது என்று போலீஸ் விசாரணையில் தெரிந்தது. ஊரில் நல்ல பெயர் எடுத்திருந்த காப்பகம் அது. அடுத்து, 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டத்துக் காப்பகம் ஒன்றிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். உரிய உரிமமே இல்லாமல் அது நடந்துவந்தது அப்போதுதான் வெளியே வந்தது. இந்த மாதிரி இடங்களுக்கும் யாரோ அரிசி மூட்டை இறக்கியிருப்பார்கள், யாரோ பிறந்தநாள் கொண்டாடியிருப்பார்கள். உங்களையும் என்னையும் போல நல்ல மனிதர்கள்தான். உள்ளே போய் ஒரு தாளைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மிடம் ஒரு எண்ணம் ஊறியிருக்கிறது. கொடுத்த பிறகு கணக்குக் கேட்டால் புண்ணியம் போய்விடும் என்பார்கள். கணக்கு எழுதுகிறவன் சொல்கிறேன்: நேர்மையாக நடத்துகிறவருக்கு உங்கள் கேள்வி சந்தோஷத்தைத்தான் கொடுக்கும். ராத்திரி பகலாகப் பாடுபட்டு ஒழுங்காகப் பதிவேடு வைத்திருக்கிறவரிடம் யாருமே அதைத் திறந்து காட்டச் சொல்வதில்லை. பக்கத்துத் தெருவில் பேனர் கட்டி, மைக் வைத்து நடத்துகிறவருக்குத்தான் கூட்டம். கேட்காமல் கொடுக்கும்போது, ஒழுங்காக இருப்பவரையும் இல்லாதவரையும் நாம் ஒரே தட்டில் வைத்துவிடுகிறோம்.

என்ன கேட்பது? பிள்ளைகள் இல்லம் என்றால், இளைஞர் நீதிச் சட்டத்தின் 41-ஆவது பிரிவின்படி பதிவுச் சான்று கட்டாயம். பதிவில்லாமல் நடத்துவது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். சான்றை வாங்கி, எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். ஒவ்வொரு பிள்ளையும் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவோடுதான் அங்கே இருக்க வேண்டும். எல்லோருக்கும் உத்தரவு இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். எந்தப் பிள்ளையின் கதையையும் கேட்காதீர்கள். அது அந்தப் பிள்ளையின் சொத்து. மனநலம் பாதித்தவர்களுக்கான இல்லம் என்றால் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் கீழும், மாற்றுத்திறனாளிகளுக்கானது என்றால் 2016-ஆம் ஆண்டின் உரிமைகள் சட்டத்தின் கீழும் பதிவு வேண்டும். எந்த அறக்கட்டளையானாலும் கடந்த ஆண்டின் தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கைக் கேளுங்கள். நான்கைந்து பக்கம்தான் இருக்கும். படிக்கத் தெரியாது என்றால் உங்கள் ஆடிட்டரிடம் காட்டுங்கள், கால் மணி நேரத்தில் சொல்லிவிடுவார்.

தாளெல்லாம் சரியாக இருந்தும் உள்ளே சரியில்லாத இடங்கள் உண்டு. அதனால் கண்ணால் பார்க்க வேண்டியதும் இருக்கிறது. கழிப்பறையைப் பாருங்கள், கதவு இருக்கிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா. நான் போகிற ஓர் இல்லத்தில் மூன்று ஆர்.ஓ. மெஷின் நிற்கிறது, மூன்றிலும் கொடுத்தவர் பெயர் பொறித்த பித்தளைத் தகடு. ஒன்றுதான் ஓடுகிறது. பெண்பிள்ளைகள் குளிக்கிற அறைக்குக் கதவு மாற்ற நான்கு மாதமாகப் பணமில்லை. கதவில் தகடு அடிக்க யாரும் வரவில்லை. ராத்திரி யார் கூடப் படுக்கிறார்கள் என்று கேளுங்கள். ஆயாம்மா எத்தனை பேர், எவ்வளவு நாளாக இருக்கிறார்கள் என்று கேளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறுகிற இடத்தில் ஏதோ சரியில்லை என்பது என் அனுபவம். நீங்கள் வந்ததும் பிள்ளைகள் பழக்கப்பட்ட மாதிரி வரிசையில் நின்று பாட ஆரம்பித்தால் யோசியுங்கள். ஏறெடுத்துப் பார்த்துவிட்டு, வீட்டுப்பாடத்தையோ கேரம் போர்டையோ தொடர்ந்தால், அந்த இடத்தை எனக்குப் பிடிக்கும்.

நீங்கள் எப்போதும் கேட்கிற ஒரு கேள்வியை மட்டும் கைவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். "சம்பளத்துக்கெல்லாம் எடுத்துக்க மாட்டீங்களே?" என்கிறீர்கள். ஏன் எடுக்கக் கூடாது? எழுபது கிலோ எடையுள்ள ஒருவரைப் புரட்டிப் படுக்கவைத்து, உடம்பு துடைத்து, முதுகில் புண் வராமல் பவுடர் போட்டு, மறுபடி நான்கு மணி நேரத்தில் அதையே செய்கிற பெண்ணின் சம்பளம்தான் அந்த இல்லத்தின் தர்மம். சோறு அவர் கையால்தான் வாய்க்குப் போகிறது. அவருக்குக் குறைந்த கூலி கொடுத்துவிட்டு உங்களுக்குப் பாயசத்துக்குக் கணக்குக் காட்டுகிற இல்லத்தை நல்ல இல்லம் என்று நான் எழுத மாட்டேன். மின்கட்டணம், மருந்து, சோப்பு, வேன் டீசல், ஆயாம்மா சம்பளம்: வருடம் முழுக்க ஒரு நிர்வாகியின் தூக்கத்தைக் கெடுக்கிற ஐந்து செலவுகள் இவை. ஒன்றுக்கும் புகைப்படம் எடுக்க முடியாது.

தர்மமும் கணக்கும் சேராது என்று யாராவது சொன்னால், நம் ஊர் அரவிந்த் கண் மருத்துவமனையைக் காட்டுங்கள். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. கொடுக்க முடிந்தவர் கொடுக்கும் கட்டணத்திலிருந்து, முடியாதவருக்கு இலவசமாகப் பார்க்க எப்படி வழி செய்வது என்று முதல் நாளிலிருந்து கணக்குப் போட்டதால்தான் அது வளர்ந்தது. எல்லா இல்லமும் அப்படி ஆக முடியாது. தொண்ணூறு வயதுப் பாட்டியிடம் கட்டணம் வாங்க முடியாது. ஆனால் இரக்கம் உள்ள இடத்தில் கணக்கும் இருக்கலாம் என்பதற்குச் சான்று தேடி இந்த ஊர்க்காரர்கள் வெளியூர் போக வேண்டியதில்லை.

மாட்டுத்தாவணியிலும் சிக்னல்களிலும் கழுத்தில் அடையாள அட்டையோடு உண்டியல் நீட்டுகிறவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன். பலர் கமிஷனுக்கு வேலை பார்க்கும் பிள்ளைகள். அவர்கள்மேல் கோபப்பட ஒன்றுமில்லை. இல்லம் எங்கே இருக்கிறது, நேரில் வருகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். போனில் அழைத்து, இன்று மாலைக்குள் குழந்தைக்கு ஆபரேஷன் என்பவர்களிடம் மருத்துவமனையின் பெயரைக் கேட்டு, பணத்தை மருத்துவமனைக் கணக்கிலேயே கட்டுகிறேன் என்று சொல்லுங்கள். உண்மையான தேவையாக இருந்தால் அவர்களுக்கு அதில் ஆட்சேபணை இருக்காது.

வெளிநாட்டில் இருக்கிற உங்கள் பிள்ளைகளும் அனுப்புகிறார்கள். இந்திய பாஸ்போர்ட்டோடு இருப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சிக்கலில்லை. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் என்றால், ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி (எஃப்.சி.ஆர்.ஏ.) பதிவு இல்லாத இல்லம் அதை வாங்கினால் மாட்டிக்கொள்வது இல்லம்தான். இதைச் சொல்லிவிடுங்கள். இங்கே இருக்கிற நீங்கள் நன்கொடைக்கான வரிச்சலுகையை நம்பிக் கொடுத்தால், பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான் அது உண்டு; 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்ததற்குக் கிடையாது. சலுகை இருக்கட்டும், இல்லாமல் போகட்டும், வங்கி வழியாகவே கொடுங்கள். தடம் இருக்கும்.

இல்லங்களுக்கு மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்றும் நினைக்காதீர்கள். பூல்பாண்டியன் என்ற பெரியவரை 2020-இல் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். யாசகம் எடுத்துச் சேர்த்த பணத்தில் பத்தாயிரம் பத்தாயிரமாகக் கொண்டுவந்து நம் கலெக்டர் அலுவலகத்தில் கொரோனா நிதிக்குக் கட்டினார். அதற்கு முன்பே அரசுப் பள்ளிகளுக்கு மேசை நாற்காலியும் குடிநீர் வசதியும் வாங்கிக் கொடுத்துவந்தவர். பள்ளியில் எது இல்லை என்று பார்த்துக் கொடுத்த மனிதர். உங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கிற மாநகராட்சிப் பள்ளிக்கும், வீடு வீடாகப் போய்ப் புற்றுநோயாளிகளின் வலியைக் குறைக்கிற நர்ஸம்மாவுக்கும், பெரியாஸ்பத்திரி வாசலில் நோயாளிக்குத் துணை வந்து மரத்தடியில் படுத்திருப்பவர்களைக் கவனிக்கிற குழுவுக்கும் பிறந்தநாள் காலண்டர் கிடையாது. அதனால் உங்கள் பட்டியலில் அவர்கள் வருவதில்லை.

இனி, நான் கேட்க வந்தது.

உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போகக்கூடிய ஓரிடத்தைத் தேர்ந்தெடுங்கள். தூரத்தில் இருந்தால் இரண்டாம் முறை போக மாட்டீர்கள். முதலில் போன் செய்துவிட்டு, விசேஷமில்லாத ஒரு வேலை நாளில், கேக் இல்லாமல், கேமரா இல்லாமல் போங்கள். தாள்களைக் கேளுங்கள். சுற்றிப் பாருங்கள். இந்த மாதம் எந்தச் செலவு இடிக்கிறது என்று நிர்வாகியிடம் கேளுங்கள். அவர் சொல்வதை நம்ப முடிகிறதா என்று வீட்டுக்கு வந்து யோசியுங்கள். நம்ப முடியவில்லை என்றால் அடுத்த இடத்துக்குப் போங்கள்; கட்டாயமில்லை. பிள்ளைகள் விஷயத்தில் தப்பாக ஏதாவது கண்ணில் பட்டால் 1098-க்குக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். முதியவர்கள் என்றால் 14567.

நம்பிக்கை வந்தால், ஒருவேளைச் சாப்பாட்டுக்கு நீங்கள் கொடுக்கிற ஆறாயிரம் ரூபாயை மாதம் ஐந்நூறாகப் பிரித்துவிடுங்கள். எதற்கு வேண்டுமானாலும் செலவு செய்யுங்கள் என்று எழுதிக் கொடுங்கள். ஒரு வருடத்துக்கு வங்கியில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் போட்டால் போதும், நீங்கள் மறந்தாலும் பணம் மறக்காது. இருபது குடும்பம் இதைச் செய்தால் ஓர் ஆயாம்மாவின் மாதச் சம்பளம் வந்துவிடும். அப்பாவின் திதியன்று இலை போட்டுச் சோறு பரிமாறினால்தான் மனம் ஆறும் என்பவர்கள் அதையும் செய்யுங்கள். தேதியை மட்டும் நிர்வாகியிடம் விடுங்கள்: "உங்களுக்கு எந்த நாள் காலியா இருக்கோ, அந்த நாள் போட்டுக்கங்க" என்று சொல்லுங்கள்.

ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை போங்கள். எத்தனை பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்பினார்கள் என்று அப்போது கேளுங்கள். எண்ணிக்கை குறைந்திருந்தால் பணத்தை நிறுத்தாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் ரசீதுகளை எழுதி வைக்கும்
மதுரைக்காரன் ஒருவன்